இருபத்து மூன்று பொம்மைகளுக்குச் சேலை

1. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அண்ணனின் இருபத்து மூன்று பொம்மைகளையும் கண்ணாடி அலமாரியிலிருந்து இறக்கி, உடைகளைக் கழற்றினேன்.

2. ஒவ்வொரு பொம்மையின் வலது கணுக்காலிலும் ஒரு சிறிய அட்டைச் சீட்டை நூலால் கட்டினேன். சீட்டில் வரிசை எண், மார்பு, இடுப்பு, தோள் அகலம், கை நீளம். எல்லாம் மில்லிமீட்டரில்.

3. அண்ணனின் அறைத் தரையில் வெள்ளை விரிப்பைப் போட்டு, பொம்மைகளை நான்கு வரிசையாக மல்லாக்கப் படுக்க வைத்தேன்.

4. பத்து மணிக்கு அம்மாவின் கைப்பேசி அடித்தது. அடுத்த சனிக்கிழமை வரவேண்டிய பெண் வீட்டார் இன்றைக்கே வருகிறார்கள் என்று செய்தி. பெண்ணின் அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். அடுத்த வாரம் அவருக்கு விடுப்பு இல்லை. கிளம்பியும் விட்டார்கள்.

5. பத்தே முக்காலுக்கு வாசலில் கார் நின்றது.

6. பதினொன்றே காலுக்குப் பெண்ணின் அத்தை அண்ணனின் அறைக் கதவைத் திறந்தார்.

முதல் மூன்றும் என் தவறு. நான்காவதும் ஐந்தாவதும் யாருடைய தவறும் இல்லை. ஆறாவது வழக்கம். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்களில் ஒருவர் அறை அறையாகப் பார்த்தே தீருவார். நாங்களும் அக்கம்பக்கத்துக் கல்யாணங்களில் அதைச் செய்திருக்கிறோம்.

பொம்மைகள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். அண்ணன் பாசிர் கூடாங் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கிறவன். நான்கு வருடங்களுக்கு முன்பு ஜொகூர் பாருவில் ஒரு பண்டல் கடைக்கு, அதாவது ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய சாமான்களை விற்கும் கடைக்கு, ஜீன்ஸ் வாங்கப் போனான். பொம்மையோடு திரும்பி வந்தான். ஒரு சாண் உயரம், காலில் செருப்பு இல்லை, முழங்கால் தளர்ந்து ஆடியது. அந்த முழங்கால் இரண்டு இடத்தில் மடங்கியதுதான் அவனை இழுத்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் பொம்மையைப் பிரித்துப் போட்டு, உள்ளே இருந்த முளையைப் பார்த்துவிட்டு, “இத யோசிச்சவன் பெரிய ஆளு,” என்றான். அதற்குப் பிறகு ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். அவன் மூட்டுகளைச் சரி செய்வான். நான் உடை, செருப்பு, பை, நகை எல்லாம் செய்வேன். நான் முதன்முதலில் செய்தது ஒரு ஜோடி செருப்பு. அம்மாவின் பழைய தோல் பர்ஸின் நாக்கை வெட்டிச் செய்தது. இரண்டும் இடது காலுக்கே பொருந்தின.

போன வருடம் அண்ணனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அம்மா சொன்னபடி பொம்மைகளைப் பெட்டியில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். வந்தவர்களுக்கு வீடு பிடித்தது, அண்ணனையும் பிடித்தது. பிறகு அவன் அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் உண்மையைச் சொன்னான். மூன்று நாளில் பதில் வந்தது. “பையன் நல்ல பையன்தான், ஆனா...” என்று ஆரம்பித்த வாக்கியத்தின் மீதியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அண்ணன் இரண்டு மாதம் அலமாரியைத் திறக்கவில்லை.

இந்தப் பெண்ணோடு அவன் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தான். கைப்பேசியைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிற அண்ணனை நாங்கள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஆனால் பொம்மைகளைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கவில்லை. “ஒரு ஹாபி இருக்கு, வீட்டுக்கு வர்றப்போ பாருங்க” என்று மட்டும் சொல்லியிருந்தான். எங்களிடம் சொன்னது வேறு.

“இந்தத் தடவ ஒளிச்சு வைக்கமாட்டேன். ஹால்லயே இருக்கட்டும். பாத்துட்டு வேணாம்னா, வேணாம்.”

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் இந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னால் அவன் மறுபடியும் பெண் பார்க்க உட்காரமாட்டான் என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பொம்மைகளில் பாதி குட்டைப் பாவாடையிலும் மீதி நீச்சல் உடையிலும் நின்றன. “எல்லாத்துக்கும் சேல கட்டிவுடு. கொலுன்னு சொல்லிக்கலாம்.”

“அம்மா, நவராத்திரி முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு.”

“எடுத்து வைக்க நேரம் இல்லன்னு சொல்லிக்கலாம்லா.”

கொலு என்ற பேச்சை நான் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இருபத்து மூன்று சேலைகள் என்ற எண் எனக்குப் பிடித்திருந்தது. பெண் வீட்டார் வருவதற்கு முந்தைய அந்த ஒரு மாதமும் வேலை முடிந்து வீட்டுக்கு வர எனக்கு அவசரமாக இருந்தது.

பட்டு சரிப்படாது. இவ்வளவு சின்ன உடம்பில் பட்டு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். மூன்று துணிகளைச் சோதித்துவிட்டு, மலாய்க்காரப் பெண்கள் தலையில் அணியும் தூடோங் துணியில் மெல்லிய பருத்தி ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். எந்தக் கடைக்குப் போனாலும் அறுபது நிறத்தில் கிடைக்கும், கசக்கினாலும் உடம்போடு விழும். கரைக்கு மூன்று மில்லிமீட்டர் ஜரிகை நாடா. மடிப்பு ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டர். அதைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டி உதவாது, தலைமுடியை நேராக்கும் கருவிதான் சரி. வளையலுக்குப் பித்தளைக் கம்பியை டிரில் மெஷினின் ஆறு மில்லிமீட்டர் துளையாணித் தண்டில் சுருளாகச் சுற்றி நீளவாக்கில் வெட்டினால், ஒரே வெட்டில் முப்பது வளையல் உதிரும். அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருக்கும். மல்லிகைச் சரத்துக்கு வெள்ளை நூலில் முடிச்சு மேல் முடிச்சு. முதல் சரம் பருத்திக் கொட்டை மாதிரி வந்தது. ஐந்தாவது சரத்தை அம்மா மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு, நான் கவனித்தேனா என்று என்னைப் பார்த்தார்.

சேலை, வளையல், பூ எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போதும். ரவிக்கைச் சட்டைக்குத்தான் தனித்தனி அளவு வேண்டும். ஒரு நிறுவனத்துப் பொம்மையின் மார்பு இன்னொன்றுக்கு வராது. அங்கேதான் தவறினேன். நான் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறவள். இருநூறு மூடிகள் வந்தால் இருநூறையும் அளந்த பிறகுதான் அடுத்த படிக்குப் போவோம். ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை முடிப்பது நேர விரயம் என்று படித்திருக்கிறேன். ஆகவே எல்லாவற்றையும் கழற்றுவது, எல்லாவற்றையும் அளப்பது, எல்லாவற்றையும் வெட்டுவது, எல்லாவற்றையும் தைப்பது என்று திட்டம் போட்டேன். இந்த முறையில் ஒரு குறை உண்டு. பாதியில் யாராவது வந்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றுகூட முழுதாக இருக்காது.

அம்மா தொலைபேசியை வைத்ததும் நான் மூன்று வழிகளை யோசித்தேன். பழைய உடைகளை மாட்டுவது: பொம்மைக்கு மூன்று நிமிடம், மொத்தம் அறுபத்தொன்பது நிமிடம், நேரம் போதாது. அப்படியே அலமாரியில் நிறுத்துவது: முடியவே முடியாது. கதவைச் சாத்துவது. மூன்றாவதைச் செய்தேன். இரவு வேலை முடிந்து என் அறையில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை எழுப்பிக் குளிக்க அனுப்பினேன். அப்பா காலை ஷிப்டில் இருந்தார்; அவருக்குத் தகவல் மட்டும் போனது.

வந்தவர்கள் நான்கு பேர். பெண், அவளுடைய அம்மா, அப்பா, அப்பாவின் அக்காவான அத்தை. பெண் சிங்கப்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய் வருகிறவள். அண்ணன் ஈரத் தலையோடு எதிரில் உட்கார்ந்தான். அம்மா உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்த கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தார். வரவேற்பறையில் காலியான கண்ணாடி அலமாரி பளபளவென்று நின்றது.

“அலமாரி புதுசா?” என்றார் பெண்ணின் அப்பா.

“இல்லங்க,” என்றான் அண்ணன்.

தேநீர் முடிந்ததும் அத்தை எழுந்தார். “வீட்ட ஒரு சுத்து பாத்துடலாமா?”

“தாராளமா பாருங்க,” என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

அத்தை குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தார். என் அறையைப் பார்த்து, சன்னல் எந்தத் திசை என்று கேட்டார். பிறகு அண்ணனின் அறைக்கு வந்தார்.

“அது ஸ்டோர் மாதிரிங்க ஆன்ட்டி,” என்றேன்.

“ஸ்டோரத்தான்மா மொதல்ல பாக்கணும்,” என்று கதவைத் திறந்தார்.

திறந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவருடைய தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அவர் தம்பி, பெண்ணின் அப்பாதான் முதலில் பேசினார். “என்னக்கா இது, ஜிஹெச்சுல பொணம் வைக்கிற ரூம் மாதிரி இருக்கு.”

“யாரு இதுங்கள இப்டிப் போட்டது?” என்றார் அத்தை.

“நான்தான் ஆன்ட்டி.”

“கால்ல என்ன சீட்டு?”

“அளவு.”

“என்ன அளவு?”

“சட்ட தைக்க.”

“சின்னதா இருந்தாலும் பொம்பளப் புள்ளைங்கதானம்மா. ஆம்பளைங்க நடமாடுற வீட்டுல இப்டியா?” அவர் சுற்றிலும் பார்த்தார். நாற்காலியில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து உதறி, முதல் வரிசையின் மேல் கழுத்து வரைக்கும் ஒழுங்காகப் போர்த்தினார். இப்போது ஒரு பக்கம் தலைகளும் மறுபக்கம் சீட்டுக் கட்டிய கால்களும் மட்டும் தெரிந்தன. அதுவரை கொஞ்சம் சந்தேகமாக இருந்த ஒற்றுமை இப்போது முழுமையாகிவிட்டது.

பெண் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் எல்லாருக்கும் பின்னால் வந்து நின்றான். “அது என்னோடதுங்க.”

“தங்கச்சியோடது இல்லையா?”

“துணி தங்கச்சி தைக்கும். பொம்ம என்னோடது.”

“எல்லாமேவா தம்பி?” என்று பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

“இருபத்து மூணுங்க.”

அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். “அது வந்து, கொலுவுக்கு...”

“கொலு இல்லம்மா,” என்றான் அண்ணன்.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “ஹாபின்னு சொன்னீங்களே, நான் மீனுன்னு நெனச்சேன்.”

“மீனா?”

“அரோவானா வளக்குறவங்கதான் இப்டி, வந்து பாருங்க, வந்து பாருங்கன்னு கூப்புடுவாங்க.”

“மீன் வேணும்னா வாங்கலாங்க,” என்றான் அண்ணன்.

அவள் சிரிக்கவில்லை. “எனக்குப் பொம்ம புடிக்காது. சின்ன வயசுலேருந்தே புடிக்காது. அது கண்ணு என்னையே பாக்குற மாதிரி இருக்கும்.”

போன வருடத்து வாக்கியம் என் காதில் விழுந்தது. அம்மாவின் கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது. அண்ணன் கெஞ்சவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. குனிந்து பதினான்காம் எண்ணை எடுத்தான். தலைக்குப் பின்னால் உள்ள நூலை இழுத்தால் கண் மூடித் திறக்கும் வகைப் பொம்மை அது.

“இது பாக்காதுங்க. இதோட கண்ணு ரிப்பேரு.”

அவள் உடனே கை நீட்டவில்லை. பிறகு வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கடையில் வாடிக்கையாளரின் முகத்தை அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

“வலது கண்ணு உள்ள போயிருக்கு.”

“ஆமாங்க. மூணு மாசமா பாக்குறேன். ஸ்பிரிங்குன்னு நெனைக்கிறேன்.”

“ஸ்பிரிங் இல்ல. ஸ்க்ரூவ ஓவரா டைட் பண்ணிட்டீங்க. சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கா, ரெண்டு மில்லிமீட்டருக்குக் கீழ?”

“ஒன்னு புள்ளி நாலு இருக்கு,” என்றேன். என் வருங்கால அண்ணியிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

இருவரும் தரையில் உட்கார்ந்து பொம்மையின் பின்மண்டையைத் திறந்தார்கள். ஆனால் அத்தையால் பொறுக்க முடியவில்லை. “மொதல்ல இதுங்களுக்கு எதயாச்சும் உடுத்துங்க. அப்புறம் ஒக்காந்து பேசலாம்.” நான் சேலைப் பெட்டியைக் கொண்டு வந்தேன். அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சேலையைப் பிரித்தார்.

“என்னம்மா இது, அரைச் சேலையா?”

“அறுபது சென்டிமீட்டர் ஆன்ட்டி. கணக்குப்படி தொண்ணூறு வரும். ஆனா அவ்ளோ நீளம் சுத்தக் கூடாது.”

“ஏன் கூடாது? சேலன்னா முழுசா இருக்கணும்.”

பொம்மை ஆறு மடங்கு சிறியதுதான், ஆனால் துணியின் கனம் ஆறு மடங்கு குறையாது என்று விளக்கினேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை. வெட்டாமல் வைத்திருந்த தொண்ணூறு சென்டிமீட்டர் துண்டை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் எண்ணுக்கு அதைக் கட்டினார். கொசுவம் வைத்தார், செருகினார், முந்தானையை இழுத்துவிட்டுத் தூக்கிக் காட்டினார்.

பெண்ணின் அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். “அக்கா, இதுக்கு எத்தன மாசம்?”

அத்தை ஒரே இழுப்பில் சேலையை உருவினார். “அரைச் சேலையே குடும்மா.”

அதன்பிறகு அறை முழுக்க வேலை நடந்தது. பெண்ணின் அம்மா உதட்டில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு மடிப்பு வைத்தார். சட்டை இல்லாத குறை தெரியாமலிருக்க, முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக் கட்டினார் அத்தை. வளையல் போடும் வேலை பெண்ணின் அப்பாவுக்கு. பஸ் ஸ்டீயரிங் பிடித்த விரல்கள். பத்து வளையலில் ஏழு உருண்டோடின. அவர் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பு நுழைந்து தேடினார். “அலமாக், இங்க ஒரு செருப்பு கெடக்கு,” என்று உள்ளேயிருந்து ஆச்சரியக் குரல் வந்தது. கறிபாப் சாப்பிட்டவர்கள் கை கழுவாமல் துணியைத் தொடக் கூடாது என்று நான் சொன்னேன். அம்மா என்னை முறைத்தார். பெண்ணின் அப்பா எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார்.

அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான். எந்தப் பொம்மையின் இடுப்பு எப்படித் திரும்பும், எந்த ரப்பர் எத்தனை வருடத்தில் இற்றுப் போகும் என்று அவன் சொல்லச் சொல்ல அத்தைகூடக் கேட்டார். பெண் திருகாணியைக் கால் சுற்று தளர்த்தி, நூலை இழுத்தாள். இரண்டு கண்ணும் ஒன்றாகத் திறந்தன. அவள் சட்டென்று பொம்மையை அவன் பக்கம் திருப்பினாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் இதுங்க எங்க இருக்கும்?”

ஊசி பிடித்த கைகள் எல்லாம் நின்றன.

“நான் எங்க இருக்கேனோ, அங்க,” என்றான் அண்ணன்.

அவள் யோசித்தாள். “பெட்ரூம்ல வேணாம்.”

“சரிங்க.”

“நான் ஒக்கார்ற பக்கமா திருப்பி வைக்கக் கூடாது.”

“சரிங்க.”

“அப்புறம் இந்த வாங்க போங்க வேணாம். ஃபோன்ல இப்டியா பேசுறீங்க?”

“ஃபோன்ல எப்டிப் பேசுவாரு?” என்றார் அத்தை. இரண்டு பேரும் பொம்மையின் பின்மண்டையை மூடுவதில் மும்முரமானார்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். அலமாரியில் இருபத்து மூன்று பேரும் போர்த்திய முந்தானையோடு, ஏதோ கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தை சொன்னார்: “வீட்டுல பேசிட்டு பதில் சொல்றோம்.” அந்த இடத்தில் எல்லாரும் சொல்வது அதுதான், உடனே சரி என்று சொல்வது வழக்கமில்லை. ஆனால் போன வருடம் வந்தவர்களும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். கார் திரும்பும் வரை அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஞாயிறு ஒன்றும் வரவில்லை. பெண்ணும் அவனுக்குச் செய்தி அனுப்பவில்லை. வீட்டில் பேசி முடியும் வரை அனுப்பக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தாராம், அது பிறகுதான் தெரிந்தது. திங்களும் ஒன்றும் இல்லை. அப்பா மட்டும், தான் இல்லாத நேரத்தில் இவ்வளவும் நடந்ததே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய் மதியம் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. “அலமாரி அளவு வேணும். உயரம், அகலம், ஆழம். அவர்கிட்ட பேசக் கூடாதாம். ஒங்ககிட்ட பேசலாம்ல?”

எனக்கு மனப்பாடம். 1800, 900, 400, கூடக் குறைய இரண்டு மில்லிமீட்டர் என்று அனுப்பினேன்.

“கதவு எந்தப் பக்கம் திறக்கும்?”

“இடது.”

“அப்ப ஹால்ல வைக்கலாம்.”

அதை மூன்று முறை படித்தேன். பிறகு அண்ணனை அழைத்தேன். அவன் பாரந்தூக்கியின் மேலே இருந்தான், காற்று இரைந்தது.

“என்ன?”

“அலமாரி ஹால்ல இருக்கலாமாம்.”

“எந்த ஹால்?”

“ஒங்க ஹால்.”

“சரி, எறங்கிட்டு கூப்புடுறேன்,” என்றான். இறங்கிய பிறகும் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் அத்தை அம்மாவை அழைத்து முறையாகச் சம்மதம் சொன்னார். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு நேராக அலமாரிக்குப் போய், சாய்ந்திருந்த ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

இப்போது ஆனி மாதம். கல்யாணம் ஆவணியில். ஸ்கூடாயில் ஒரு வாடகை வீடு பேசியாகிவிட்டது; வரவேற்பறையில் அலமாரிக்கான சுவரை அண்ணியே அளந்துவிட்டார். அவருக்கு இன்னும் பொம்மை பிடிக்கவில்லை, அதை மறைப்பதும் இல்லை. நான் ஒவ்வொரு சட்டையையும் முழுதாகத் தைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்ததை வெட்டுகிறேன். பதினேழு முடிந்துவிட்டன. ஆறு பாக்கி.